எட்டாத தூரத்துக்கு ஒரு லென்ஸ்

இருபத்தெட்டைப் போட்டால் அவனை அடித்துவிடுவேன். அதனால் இருபத்தெட்டு வேண்டாம். அகலமாக அள்ளுகிற லென்ஸ் அது. ஒருத்தன் முகம் நிறைய வேண்டுமென்றால் அவன் மூச்சு நம்மேல் படுகிற அளவுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும். தங்கை புருஷன் தங்கப்பாண்டிக்குப் பக்கத்தில் நான் இன்றைக்குப் போகக்கூடாது. வேனின் பின்கதவைத் தூக்கிவிட்டு, துண்டை விரித்து, ஐந்து லென்ஸையும் அதன்மேல் படுக்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கோயில் வாசலில் உறுமி மேளம் கிடந்து உறுமுகிறது. என் தங்கை மகள் மிருதுளாவுக்கு மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், அது முடிந்ததும் காதுகுத்து, பிறகு கிடாவெட்டு. தாய்மாமன் நான்தான். படம் எடுக்கிறவனும் நான்தான். “வெளியாளக் கூப்பிட்டா நீ கோவிச்சுக்குவ மச்சான், அதான் உன்னையே போட்டுட்டேன்” என்று தங்கப்பாண்டி போனில் சிரித்தான். அந்தச் சிரிப்பை அப்படியே பிடுங்கி அவன் தொண்டைக்குள் திணிக்கவேண்டும். இல்லை. வேண்டாம். லென்ஸைப் பார். அரை மணி நேரமாக இதே துண்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு லென்ஸைப் பொறுக்க முடியவில்லை, நீயெல்லாம் ஒரு போட்டோக்காரன். பந்தலில் ஒரு பையன் கேட்டே விட்டான், “என்ன மாமா, ஆட்டோ ஃபோகஸ் காலத்துல இன்னும் கையால திருகிக்கிட்டு இருக்கீங்க?” ஆமாம்டா. ஆட்டோ லென்ஸ் தானாகக் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கண்ணில் என்ன இருக்கும், சிரிப்புத்தான் இருக்கும். ஆட்டோ வைத்திருந்தால் நானும் என் தங்கை வாசுகியின் கண்ணைப் பிடித்துக்கொண்டு நல்ல படம் என்று போயிருப்பேன். கையால் திருகியதால்தான் அந்தக் கழுத்தைப் பார்த்தேன்.

எண்பத்தைந்தில் பார்த்தேன். முகத்துக்கென்றே வைத்திருக்கிற லென்ஸ். கையில் எடுத்தால் படிக்கல் கனம், துளையை முழுக்கத் திறந்தால் ஒரு விரல் பருமனுக்குத்தான் தெளிவு நிற்கும், மற்றதெல்லாம் கரைந்துவிடும். வந்து இறங்கினதும் வாசுகி ஆரத்தித் தட்டோடு வந்தாள். மஞ்சள் பட்டு, தலை நிறைய பூ, அம்மாவின் ஆரம். “இருடி, அப்படியே நில்லு” என்று கேமராவைத் தூக்கினேன். முதலில் எல்லாம் கலங்கல்தான். மஞ்சளும் சிவப்பும் பூவும் சிரிப்பும் ஒன்றோடொன்று குழைந்து கிடந்தது. வளையத்தைத் திருப்பினேன், மூக்குத்தி வந்தது, கண் வந்தது, அவள் யாரையோ பார்த்துச் சிரித்துப் பின்னால் சாய்ந்தாள், தெளிவு நழுவிக் கழுத்தில் போய் உட்கார்ந்தது. முகத்துப் பவுடர் ஒரு நிறம், கழுத்துப் பவுடர் ஒரு நிறம். கழுத்தில் அப்பியிருந்தாள். அப்பிய பவுடருக்கு அடியில் கருநீலமாக விரல். இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் கட்டைவிரல். நாலில் ஒன்று மட்டும் ஆழமாகப் பதிந்து ஓரத்தில் தோல் கிழிந்திருந்தது, அது மோதிர விரல். என் விரல் தானாகப் பொத்தானை அமுக்கிவிட்டது. பிறகு வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன், நிழலாக இருக்கட்டும், ஆரத்தின் நிழலாக இருக்கட்டும் என்று. ஃபோகஸைக் கலைத்தால் என் தங்கை நன்றாக இருந்தாள். சேர்த்தால் யாரோ அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கை நின்றதை அவள் பார்த்துவிட்டாள். “என்னண்ணே?” “கழுத்துல என்ன?” “கட்டில் இடிச்சிருச்சு.” “கட்டிலுக்கு விரல் இருக்கா?” தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், “இன்னைக்கு ஒண்ணும் பண்ணிராதண்ணே. ஊரே வந்துருக்கு. பிள்ளைக்குக் காது குத்தட்டும். உன் கால்ல விழுறேன்.” சொல்லிவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசினாள்.

சரி, ஒண்ணும் பண்ணவில்லை. உட்கார்ந்து லென்ஸ் பொறுக்குகிறேன். நூற்று முப்பத்தைந்தைப் போடலாம். தூரத்தில் நிற்கிறதைப் பக்கத்தில் கொண்டுவருகிற லென்ஸ், ஆடு மாடு பறவை மேடைப் பேச்சு எல்லாவற்றுக்கும் அதுதான். அதைப் போட்டால் நான் அந்தப் புளியமரத்தடியில் நின்றுகொள்ளலாம், அவன் மண்டபத்தில் நிற்பான், நடுவில் இருநூறு பேர் சோற்றுக்குக் காத்துக்கொண்டிருப்பார்கள், என் கை அவனுக்கு எட்டாது. எட்டாத தூரம். அதுதான் இன்றைக்கு எனக்கு வேண்டியது. ஆனால் நூற்று முப்பத்தைந்தில் ஒரு கோளாறு உண்டு, ஆள் பக்கத்தில் வந்துவிடுவான், கை மட்டும்தான் எட்டாது. அவன் வாய் அசையும், பல் தெரியும், சட்டைக் காலரின் அழுக்குத் தெரியும், நான் தூரத்தில் நின்றுகொண்டு அவன் ஒவ்வொரு பல்லாகத் தெளிவு சேர்த்துக்கொண்டிருப்பேன். வேட்டைக்காரன் வேலை. துப்பாக்கி இல்லாத வேட்டைக்காரன். இரண்டு கிடா கட்டிக் கிடக்கிறது அங்கே, ஒன்று கறுப்பு ஒன்று செவலை, மாலை போட்டிருக்கிறார்கள், செவலை தன் மாலையைத் தானே தின்கிறது. அரிவாளைச் சாணைபிடித்து எலுமிச்சம்பழம் குத்தி மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். என் கால் அங்கே இருந்து எவ்வளவு தூரம் என்று கண் தானாக அளக்கிறது. தொழில் புத்தி, தூரம் அளக்காமல் இருக்கத் தெரியாது. முப்பதடி. அரிவாளில் இருந்து மண்டபத்துக்கு இருபதடி. அளக்காதே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சும்மாவா சொன்னாள், சின்ன வயதில் இருந்தே என்னைப் பார்த்துச் சொல்கிறாள், என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து “உங்கப்பன் கை அப்படியே” என்பாள். அப்பனுக்கு இருந்த கை அப்படிப்பட்ட கை. கதவைச் சாத்திவிட்டு அம்மாவை அடிப்பார், நானும் வாசுகியும் வெளியே நின்று ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைப்போம். அந்தக் கைதான் இப்போது இந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. அதுதான் பயம். அவனை அடிக்கப் பயமில்லை, அடிக்கும்போது நன்றாக இருக்குமே, அதுதான் பயம்.

இருபத்தெட்டை ஒரு காலத்தில் நான் கழற்றியதே இல்லை. ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மறியல், ஊர்வலம், தள்ளுமுள்ளு எல்லாம் அதில்தான். வளையத்தை எட்டடியில் வைத்துவிட்டால் போதும், அப்புறம் கண்ணை வைத்துப் பார்க்கவே வேண்டாம், எட்டடிக்கு முன்பின் வருகிறவனெல்லாம் தெளிவாக விழுவான். ஒருமுறை லத்தி எட்டடிக்குள் வந்தது. லத்தி மட்டும் அவ்வளவு தெளிவாக வந்திருந்தது அந்தப் படத்தில், மூங்கில் கணுகூடத் தெரிந்தது, அடுத்த நொடி என் தோள்பட்டை. வலிக்கவில்லை முதலில். சந்தோஷமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது, அடி விழுகிற இடத்தில் நிற்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, திருப்பி அடிக்க உரிமை வந்துவிட்ட மாதிரி. இப்போது எனக்கு உரிமை வந்துவிட்டதா? கழுத்து அவளுடையது. “பண்ணிராதண்ணே” என்கிறாள். தங்கப்பாண்டி எட்டடிக்குள் வந்தால் என்ன செய்வது என்று இந்தக் கை யோசித்து முடித்துவிட்டது, எண்பத்தைந்தை வாயில் இறக்கவேண்டும், அவ்வளவும் இரும்பும் கண்ணாடியும், அவன் முன்பல் இரண்டும் முதலில் போகும், விழுந்தபின் நெஞ்சில் முழங்காலை ஊன்றி அந்த மோதிர விரலைப் பின்னால் மடக்கி மடக்கி மடக்கி. கிளுக்கென்று சத்தம் வரும். வந்துவிட்டால்? இங்கே நான் ஒன்று கொடுத்தால் அங்கே வீட்டில் அவளுக்குப் பத்து விழும். அங்கே ரேடியோ சத்தத்தைக் கூட்டிவைக்கப்போகிறவள் அந்தப் பிள்ளை. இப்போது மொட்டைத் தலையோடு கத்திக்கொண்டிருக்கிறதே, அது. கன்னத்தில் அடிக்கிறவனும் கழுத்தைப் பிடிக்கிறவனும் ஒன்றில்லை. கழுத்தைப் பிடித்துப் பழகினவன் ஒருநாள் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பான். அடுத்த தடவை இந்த ஊருக்கு நான் கொண்டுவருவது சீர்த்தட்டாக இருக்காது, பிறந்தவீட்டுக் கோடித்துணியாக இருக்கும். அவள்மேல் போர்த்துவார்கள். வரிசையாக நின்று தலையில் எண்ணெய் வைப்பார்கள். கட்டில் இடித்துச் செத்துப்போனாள் என்று சொல்வார்கள்.

அம்மா வருகிறாள். வெற்றிலையை மென்றுகொண்டு, பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. “என்னப்பா இங்கயே உக்காந்துட்ட, மாப்ள தேடுறாரு.” “உன் மக கழுத்தப் பாத்தியா?” வெற்றிலை மெல்வது நின்றது. நின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தது. பார்த்திருக்கிறாள். “புருசன் பொஞ்சாதிக்குள்ள நூறு இருக்கும். அடிக்கிற கைதாம்ப்பா அணைக்கும்.” எனக்குத் துண்டின்மேல் இருந்த ஐந்தையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கோயில் சுவரில் அடிக்கவேண்டும் போல இருந்தது. அடிக்கிற கை அணைக்காது அம்மா. உன்னை அணைத்ததா? என் நினைவில் ஒரு நாளாவது அணைத்ததா? கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயதாகிறது, அவளிடம் போய் அதைக் கேட்டால் அவளிடம் மிச்சமிருப்பது என்ன? “நீ போ, வர்றேன்” என்றேன். போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பூதக்கண்ணாடி லென்ஸை எடுத்துப் பார்த்தேன். எறும்பு, பூவின் மகரந்தம், மோதிரம், தாலி, இப்படிப் பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டியதற்கெல்லாம் அது. காது குத்தும்போது ஊசி நுனியில் ஒரு சொட்டு ரத்தம் வரும், ஜனங்களுக்கு அந்தப் படம் பிடிக்கும், ஆல்பத்தில் ஒரு பக்கம் முழுக்கப் போடுவார்கள். இதே லென்ஸில்தான் இவர்கள் கல்யாணத்தில் முடிச்சுப் போடுகிற கையை எடுத்தேன். மூன்று முடிச்சு, விரல் மயிர்கூடத் தெரிய. கழுத்தும் அதே கழுத்து, விரலும் அதே விரல். நல்ல படம் என்று தங்கப்பாண்டி அதைத் தன் கடையில் மாட்டிவைத்திருக்கிறான். மூடியைப் போட்டுப் பைக்குள் தள்ளினேன். ஐம்பது இருக்கிறது. ஐம்பது என்பது நம் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கும், எதையும் கூட்டாது குறைக்காது, குடும்பப் படத்துக்கு அதைவிட நல்லது இல்லை, எல்லோரும் வரிசையாக நின்று எல்லோரும் நல்லவர்களாக இருப்பார்கள். அதைப் போட்டுத் தொலைத்துவிடலாம். பத்தடி தள்ளி நின்று, துளையைச் சுருக்கி, பவுடரும் தெரியாமல் விரலும் தெரியாமல், ஊரே பார்க்கிற மாதிரி நானும் பார்த்துவிட்டுப் போய்விடலாம்.

கிடாவுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீரை அதன் முதுகில் அடிக்கிறார், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சம்மதம் என்று கணக்கு, சிலுப்பாமல் வெட்டக்கூடாது. கறுப்புக் கிடா சிலுப்பவில்லை. மறுபடி தெளிக்கிறார்கள், காதுக்குள் அடிக்கிறார்கள், காதுக்குள் தண்ணீர் போனால் எந்த உயிர்தான் தலையை ஆட்டாது? “சிலுப்பிருச்சு, சிலுப்பிருச்சு” என்று சத்தம். குலவை. பெண்பார்க்க வந்த அன்றைக்கும் வாசுகியை நாலு பேர் நடுவில் நிற்கவைத்து “என்னத்தா, சம்மதமா?” என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்றாம் தடவை தலையை ஆட்டினாள். குலவை போட்டார்கள். காதுகுத்து முடிந்துதான் வெட்டு, அதுவரை கிடா நின்றுகொண்டிருக்கும், கயிற்றை இழுத்துக்கொண்டு. நான் எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அரிவாளைப் பார்த்துக்கொண்டு எழுந்தேன், அதுதான் உண்மை. அப்போது வேனின் மறுபக்கத்தில் இருந்து வாசுகி வந்தாள்.

“எங்க போற?” என்றாள். “சும்மா.” அவள் என் கண் போன திசையைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், வேனின் விளிம்பில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். பிள்ளை பிறந்ததில் இருந்து என்றாள். கழுத்து இப்போதுதான், முன்பெல்லாம் கைதான், முதுகுதான் என்றாள், பெரிதாக ஒன்றுமில்லை என்பது போல. அந்தக் குரலைக் கேட்க முடியவில்லை. காய்கறி விலை சொல்கிற குரல். பிறகு கேட்டாள், “ரொம்பத் தெரியுதாண்ணே? பவுடர் சரியாத்தான போட்டேன்.” “எடுத்துருக்கேன், பாக்குறியா?” கேமராவைத் திருப்பிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கழுத்து மட்டும் திரை முழுக்க. மிச்சமெல்லாம் கரைந்துபோய் அந்த ஐந்து விரலும் கிழிந்த தோலும் மட்டும் அவ்வளவு தெளிவாக. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். வீட்டுக் கண்ணாடியில் அவசரத்தில் பார்த்திருப்பாள், மங்கல் பல்பில், அதுவும் பவுடர் பூசுவதற்காகப் பார்த்திருப்பாள். “இவ்வளவா?” என்றாள். பிறகு “செத்துப்போயிருப்பேன்லண்ணே?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. துண்டில் கிடந்த லென்ஸ்களைப் பார்த்து, “இத எதுல எடுத்தியோ, அதையே போடு” என்றாள். எழுந்து கிணற்றுப் பக்கம் போனாள். பவுடர் இன்னும் கொஞ்சம் பூசப் போகிறாள் என்று நினைத்தேன். நினைத்து, அவள்மேலேயே கோபம் வந்தது, பூசு, பூசிக்கொண்டே இரு, நானும் அதற்குத் தகுந்த லென்ஸாகப் பார்த்துப் போடுகிறேன் என்று பல்லைக் கடித்தேன். கடித்துக்கொண்டே எண்பத்தைந்தை மாட்டினேன்.

“தாய்மாமன் எங்கப்பா? மடி போட வாங்க!” காது குத்துகிற ஆசாரியின் குரல். தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்தமாட்டார்கள், அப்பனே நின்றாலும் தள்ளித்தான் நிற்கவேண்டும். மணையில் உட்கார்ந்தேன். ஆளுயர மாலையைப் போட்டார்கள். பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார்கள், சந்தனம் பூசிய மொட்டைத்தலை, அழுது அழுது விக்கல், என்னைப் பார்த்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டது. ஒரு கையால் நெற்றியை என் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டேன், இன்னொரு கையால் அதன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்கு இப்போது கை இல்லை. தங்கப்பாண்டி எட்டடியில் நின்றான், சரியாக எட்டடி. “படம் யாரு எடுக்குறது?” என்று யாரோ கேட்டார்கள். “குடு மச்சான், உனக்கு இன்னைக்கு மடி மட்டுந்தான் வேலை” என்று அவனே என் தோளில் இருந்து கேமராவைக் கழற்றிக்கொண்டான். அவன் விரல் என் கழுத்தில் பட்டது. கண்ணில் வைத்துப் பார்த்தான். “என்ன மச்சான், ஒரே கலங்கலா இருக்கு. கெட்டுப்போச்சா?” “முன்னால வளையம் இருக்குல்ல, அதைத் திருப்பணும்.” “ஏன், அதுவாப் பாத்துக்காதா?” “பாத்துக்காது. நீதான் பாக்கணும்.” கூட்டம் சிரித்தது. அவன் திருப்பினான். “ஆங், பாப்பா வந்துட்டா!” இன்னும் திருப்பினான். “இந்தா, மாமன் வந்துட்டான்!” விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இன்னும் கொஞ்சம் திருப்பினான், எனக்குப் பின்னால் நிற்கிறவர்களைத் தேடி. கை நின்றது. கேமராவுக்குக் கீழே அவன் வாய் மட்டும் எனக்குத் தெரிந்தது, அதில் இருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. கேமராவை இறக்கினான். “ஏய், என்னடி இது? போயிப் பவுடரப் போட்டுட்டு வா.”

“இப்பத்தான் கழுவிட்டு வந்தேன். எடுங்க” என்றாள் வாசுகி, எனக்குப் பின்னால். கழுத்தை முடிந்தவரை திருப்பிப் பார்த்தேன். கொண்டையை உச்சியில் தூக்கிக் கட்டியிருந்தாள். ஆரம் இல்லை. கழுத்தில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. உறுமிக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். தங்கப்பாண்டியின் அக்கா தட்டோடு முன்னால் வந்து, “என்னத்தா வாசுகி, கழுத்துல என்ன?” என்று கேட்டாள். “உங்க தம்பி கையிலதான மதினி கேமரா இருக்கு. பாத்துச் சொல்லுவாரு.” அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு மணைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்கு அவனை அடிக்கவேண்டும்போல இருக்கவில்லை. ஆச்சரியமாக இருந்தது, கை பிள்ளையின் நெற்றியில் அப்படியே இருந்தது. “எடு மாப்ள” என்றேன். “இன்னும் கொஞ்சம் திருப்பு. இன்னும் தெளிவா வரும்.” அவன் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. கீழேயும் வைக்கத் தெரியவில்லை. வாசுகி சுற்றிக்கொண்டு வந்து அவன் கையில் இருந்து அதை வாங்கினாள், அவனும் கொடுத்துவிட்டான். வாங்கி என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“குத்துங்க ஆசாரி” என்றாள். “பிள்ளையத் தூக்கிக்கிட்டு நான் எங்கண்ணன் வேன்ல போகணும்.”

ஆசாரி தங்கப்பாண்டியைப் பார்க்கவில்லை. ஊசியை எடுத்தார்.